பாப்பான்னு கூப்பிடாதீங்கண்ணே

ஜூலை 7

பிள்ளைகளுக்குப் படிப்பகம் நடத்தும் எங்கள் டிரஸ்டில் வேலை பார்க்கும் தம்பி இன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டான். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை, மாதம் 18,000, பெட்ரோல் தனி. நாங்கள் கொடுத்தது 11,000. அதே ஊர்கள், அதே வீடுகள். இத்தனை நாள் "அக்கா, பிள்ளையைப் படிப்பகத்துக்கு அனுப்புங்க" என்று போய் நின்ற வாசலில் இனி தவணை கேட்டு நிற்பான். ஒவ்வொரு வாசலும் அவனுக்குத் தெரியும் என்றுதானே எடுத்திருப்பார்கள். அதைத் தெரியவைத்தது நாங்கள்.

ஜனவரியில்தான் அவனை மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்கு மதுரைக்கு அனுப்பினோம். ஃபைல், பேனா, சான்றிதழ், குரூப் போட்டோவோடு திரும்பினான். எப்படிப்பா இருந்தது என்றேன். "சாப்பாடு நல்லாருந்துச்சுண்ணே." வந்த பிறகு அவனிடம் புதிதாக எதை ஒப்படைத்தேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கவும் என்னிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஜூலை 9

தூக்கம் வரவில்லை.

1991இல் புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்துக்குத் தொண்டனாகப் போனபோது எனக்கு 20 வயது. ஷீலாராணி சுங்கத் கலெக்டர். பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகிக்கொண்டிருந்த நேரம். என் கையில் ஒரு அரிக்கேன் விளக்கையும் பாடப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போன அண்ணன், அடுத்து வந்தது பத்து நாள் கழித்து. வகுப்பை ஏழு மணிக்கு வைத்தேன். மூன்று நாள் ஒருத்தரும் வரவில்லை. நாலாவது நாள் ஒரு கிழவி, "உலை கொதிக்கிற நேரத்துல அ, ஆ எங்கடா படிக்கிறது?" என்றாள். எட்டரைக்கு மாற்றினேன், வந்தார்கள். அண்ணன் பக்கத்திலேயே இருந்திருந்தால் முதல் நாளே எட்டரை என்று சொல்லியிருப்பார். நானும் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தே பழகியிருப்பேன்.

இப்போது அந்தப் பக்கத்திலேயே இருக்கும் அண்ணன் நான்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. அதைவிட எங்களைச் சாய்த்தது வேறு: பணம் வாங்கும் பெரிய அமைப்பு அதைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றானது. எங்களுக்கு வந்துகொண்டிருந்தது அப்படிப்பட்ட பணம்தான். 11 பேர் இருந்த இடத்தில் 5 பேர் ஆனோம். போன ஆறு பேருமே முப்பது வயதுக்குள். சட்டம் ஆட்களின் வயதைச் சொல்லவில்லை. யாரை அனுப்புவது என்ற பட்டியலை எழுதியவன் நான்.

ஜூலை 21

டிரஸ்டிகள் கூட்டம். 25,000 ரூபாய் வரைக்கும் செக்கில் பாப்பாவும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டால் போதும், என் கையெழுத்து வேண்டாம் என்று தீர்மானம் வைத்தேன்.

பாப்பாவுக்கு 26 வயது. அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அங்கிருந்து எங்களிடம் வந்தாள்.

வாத்தியார்தான் இழுத்தார். "நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிட்டா?" தம்பி கல்யாணம் ஆகியா போனான் என்று கேட்டேன். காபி வந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலை 29

பேங்க். மூன்றாவது தடவை. தீர்மானத்தின் நகல், டிரஸ்ட் பத்திரம், எல்லா டிரஸ்டிகளின் ஆதார், பான், போட்டோ. ஒருவரின் ஆதாரில் இனிஷியல் முன்னால், பானில் பின்னால். அதற்கு ஒரு நாள் போனது.

கவுண்டரில் நான், "பாப்பா, இங்க கையெழுத்துப் போடு" என்றதும் அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "இவங்களா ஆபரேட் பண்ணப்போறது?" என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவள் சொன்னாள்: "அண்ணே, இனிமே நாலு பேர் முன்னாடி பாப்பான்னு கூப்பிடாதீங்கண்ணே." கோபமாகச் சொல்லவில்லை. ஹெல்மெட் பட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் கந்தர்வகோட்டை வரும்வரை பேச்சு வரவில்லை.

ஆகஸ்ட் 15

கிராம சபை. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழு போட்ட தீர்மானத்தைச் சபையில் வைக்க வேண்டும். அவள்தான் பேசப்போகிறாள் என்று நினைத்துப் போனேன். பின்வரிசையில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன்.

எழுந்ததுமே ஒருவர், "நீ எந்த ஊரும்மா?" என்றார். எனக்குக் கால் தானாக எழும்பியது. பக்கத்துச் சேரைப் பிடித்துக்கொண்டேன். அவள், "நான் இந்த ஊர் இல்லைங்கய்யா. இந்த ஊர் அக்கா பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். குழுத் தலைவியான அந்த அக்கா எழுந்து தாளைப் படித்தார். எழுத்துக்கூட்டித்தான் படித்தார். பாதியில் நிறுத்தி, மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபடி தொடங்கினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இவளே பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் எழுத வேண்டியது. வழக்கமாக நோட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இன்று நோட்டு பெண்கள் பக்கம் வந்தபோது ஒருத்தியும் பேனாவை வாங்கவில்லை. "எழுதிப் படிச்சுக் காட்டுங்க தம்பி, போடுறோம்" என்றார் அதே அக்கா. ஊராட்சிச் செயலர் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு எழுதினார், படித்தார். இருபது நிமிடம் ஆனது, வெயிலில்.

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே தோன்றியதில்லை.

செப்டம்பர் 3

சண்டை. ஆறு படிப்பகங்களில் ஒன்றை மூட வேண்டும் என்கிறாள். அங்கே வருவது ஏழு பிள்ளைகள், வாடகை 1,500. அந்தப் பணத்தில் இன்னொரு ஊரில் இரண்டாவது ஆள் போடலாமாம். கணக்கு சரிதான். ஆனால் அது நாங்கள் முதலில் திறந்த படிப்பகம். சுவரில் இருக்கும் அ, ஆ என் கையெழுத்து.

"நீங்க வேண்டாம்னு சொன்னா மூடலைண்ணே. ஆனா அப்புறம் என்கிட்ட கணக்குக் கேக்காதீங்க."

மூடச் சொல்லிவிட்டேன். அவள் பக்கம் நியாயம் இருந்தது என்பதற்காக இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அவளும் அடுத்த ஜூலையில் கடிதத்தோடு வருவாள் என்ற பயம்.

செப்டம்பர் 18

நிதி கொடுக்கும் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தார்கள். நான் ஆபீசிலேயே இருந்தேன். நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். ஐந்தரைக்கு மெசேஜ்: "கிளம்பிட்டாங்கண்ணே." அவ்வளவுதான். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு அனுப்பியதற்கு இன்னும் பதில் இல்லை.

செப்டம்பர் 30

மாதக் கடைசி வவுச்சர்கள். பணம் இப்போது அவள் மேஜையிலிருந்துதான் வர வேண்டும். என்னுடையது ஒன்று திரும்பி வந்தது. 12ஆம் தேதி திருச்சி போய்வந்த பஸ் செலவு. ஓரத்தில் பச்சை மையில், "டிக்கெட் இணைக்கவும்" என்று எழுதியிருந்தாள். இருபது வருடத்தில் என் வவுச்சருக்கு யாரும் டிக்கெட் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். கோடு போட்ட சட்டைப் பையில் இருந்தது. சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.