நில அளவர் வேலை: தமிழ்வழிச் சான்றுக்குப் பட்ட பாடு

2022-ல் டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1089 இடங்களை அறிவித்தபோது விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. ஐடிஐயில் சர்வேயர் பிரிவு முடித்திருந்தேன். தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் எழுதிவிடலாம். உயிரை வாங்கியது, தமிழ்வழியில் படித்ததைக் காட்டும் பிஎஸ்டிஎம் சான்றுதான்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்திய பிறகு, ஒன்றாம் வகுப்பு முதல் அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். ஆனால் அதைக் காகிதத்தில் நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

உயர்நிலைப் பள்ளி எழுத்தர், "டிசியிலேயே தமிழ்வழின்னு இருக்கேம்மா, அப்புறம் எதுக்கு?" என்று முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கேட்டார். வற்புறுத்தியதும் பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்தெந்த ஆண்டு என்று எதுவுமே இல்லை. அந்தத் தாளால் ஒரு பயனும் கிடையாது. தேர்வாணையத்தின் படிவத்தில், தலைமையாசிரியரின் கையெழுத்தும் முத்திரையுமாக இருந்தால்தான் செல்லும். நான் படித்த தொடக்கப்பள்ளியை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. சேர்க்கைப் பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு, கடைசியில் பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளி பீரோவில் கண்டுபிடித்தோம்.

ஐடிஐயில் இன்னும் மோசம். "தொழிற்பிரிவுக்குத் தமிழ்வழி, ஆங்கிலவழின்னு ஏது? ரெண்டு மொழியிலயும்தான் சொல்லித் தர்றோம், தமிழ்வழின்னு மட்டும் எழுதித் தர முடியாது" என்று அலுவலகத்தில் கைவிரித்தார்கள். அறிவிக்கையோடு சான்றுக்கான மாதிரிப் படிவமும் வந்திருந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு நேராக முதல்வரிடம் போனேன். வகுப்பெடுத்த பயிற்றுநரும் வந்து, "நான் தமிழில்தான் சார் நடத்தினேன்" என்றார். முதல்வர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். எனக்குப் பிறகு விண்ணப்பித்த எங்கள் ஐடிஐ பிள்ளைகள் யாருக்கும் அங்கே இந்த அலைச்சல் இல்லை. வேலை கிடைத்ததைப் போலவே இதிலும் எனக்குச் சந்தோஷம்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே பள்ளிப் படிகளை ஏறுங்கள். இன்ஷியலும் பெயரும் எல்லாச் சான்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். ஒரு கட்டத்தைத் தனித்தேர்வராக எழுதித் தாண்டியவர்கள், தமிழில் எழுதியிருந்தாலும் இந்த முன்னுரிமையைக் கேட்க முடியாது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் சென்னையில் சுருக்கமாக முடிந்தன.

பயிற்சியில் அளவுச் சங்கிலி, செங்கோணம் பார்க்கும் குறுக்குக்கோலில் தொடங்கி டோட்டல் ஸ்டேஷன், டிஜிபிஎஸ் போன்ற மின்னணுக் கருவிகள் வரை கற்றுக்கொடுத்தார்கள். புதுக் கருவிகளை ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். கை நடுங்குவது பழைய எஃப்எம்பியை, அதாவது புல அளவு வரைபடத்தைப் பார்த்து, ஜி-லைன் என்னும் ஆதாரக் கோட்டைப் போட்டு, அதிலிருந்து பக்கவாட்டில் குறித்த ஏணி அளவுகளை வயலில் இறக்கும்போதுதான். கல் காணாமல் போன வரப்பில் அண்ணன் தம்பி இருவரும் கோபத்தோடு நிற்க, நடுவில் நின்று எல்லை காட்டுவதற்கு அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். அதற்கு இன்னும் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பெண்களுக்கு 30 சதவீத இடம் இருக்கிறது, நிறையப் பேர் வருகிறோம். ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில், நாள் முழுக்க வயலில் நிற்கிறவர்களுக்குக் கழிப்பறை வேண்டுமே என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. தண்ணீர் குடிக்காமலே சமாளித்த தோழி வெயிலில் மயங்கி விழுந்தாள். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். இப்போது அளவை நாள் குறிக்கும்போதே, அந்த ஊர் ஊராட்சி அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ முன்கூட்டிச் சொல்லி ஏற்பாடு செய்துவிடுகிறார்கள்.