தடைக்காலத்து ஜப்பானிய வகுப்பு: மண்டபம் நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 17, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் 15ஆம் தேதி தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான். ஜப்பானிய வகுப்புக்கு ஆள் கூடும் பருவமும் இதுதான். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக இருந்து வருகிறார்கள். பலருக்கும் குறி, 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த 'குறிப்பிட்ட திறன்' வேலை விசா. அதன் முதல் வகையில் மொத்தமாக 5 ஆண்டுதான் இருக்கலாம். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இதைச் சொல்லாமல் ஆள் சேர்க்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மொழித் தகுதிக்கு இரண்டு வழி. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் என்4 நிலை என்றால் 180க்கு 90 வேண்டும். அதோடு கேட்டல் பகுதியில் 60க்கு 19 தனியாக எடுக்க வேண்டும். அங்கே 18 வந்தால் மற்றதில் எவ்வளவு அள்ளினாலும் தோல்விதான். ஜே.எஃப்.டி. பேசிக் என்றால் 250க்கு 200, கணினியில் எழுதுவது, முடிந்த கையோடு திரையில் முடிவு வந்துவிடும். அடுத்த ஜே.எல்.பி.டி. ஜூலை 6, ஞாயிறு. நம் கரைக்காரர்கள் எழுத்தில் தேறிவிடுகிறார்கள், கேட்டலில்தான் சறுக்குகிறார்கள். காதுக்குப் பயிற்சி கொடுக்காமல் கட்டம் போட்ட நோட்டில் காஞ்சி என்னும் சீன வழி எழுத்தை எழுதிக்கொண்டே இருந்தால் அப்படித்தான் ஆகும்.

தேர்வுக்குப் பாடநூல் போதும். அங்கே ஒரு அறையில் குடியிருக்க அது போதாது. அந்த மிச்சத்தைத்தான் இனி இங்கே எழுதப்போகிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

முதலில் குப்பை. ஜப்பானில் புதிதாகக் குடிவருகிறவர் மேல் அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் புகார் இதுவாகத்தான் இருக்கும்.

நகராட்சி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் குப்பை நாட்காட்டி கொடுக்கும். ஊருக்கு ஊர் மாறினாலும் பொதுவான வடிவம் இப்படி: எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், பிளாஸ்டிக் உறைகள் வாரம் ஒரு நாள், பெட் பாட்டில், டப்பா, கண்ணாடிக்குத் தனி நாள், எரியாதவை மாதம் ஒன்றிரண்டு தடவை. பல ஊர்களில் நகராட்சி விற்கும் பையில்தான் போட வேண்டும். அன்று காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின இரவே வைக்கக் கூடாது. காரணம் காக்கை. ராத்திரி வைத்த பை விடியும்போது தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும். அதற்காகத்தான் குப்பை வைக்கும் இடத்தில் வலை போட்டிருப்பார்கள். பையை வலைக்கு உள்ளே தள்ளி ஓரத்தை இழுத்து மூட வேண்டும். வலையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

பெட் பாட்டிலில் மூடியும் மேலே சுற்றிய லேபிளும் பிளாஸ்டிக் பக்கம் போகும். பாட்டிலை அலசி, நசுக்கி, பாட்டில் நாளில் வைக்க வேண்டும். கலந்து வைத்தால் வண்டி எடுக்காது. பையின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விடும். அந்தப் பை யாருடையது என்று தெருவே பார்க்கும்.

மீன் தின்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. செதிள், குடல், தலையைத் தண்ணீர் வடித்து, செய்தித்தாளில் சுற்றி, பையில் கட்டி, எரியும் குப்பை நாள் வரும்வரை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அந்த ஊர்க்காரர்களே கோடையில் இப்படிச் செய்கிறார்கள். நாற்றமும் இல்லை, சண்டையும் இல்லை.

பழைய டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கும் குப்பையில் சேராது. 2001 முதல் தனிச் சட்டம். மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் ஒப்படைக்க முடியும். ஊர் திரும்பும்போது கடைசி வாரத்தில் இதை நினைத்துப் பதறுகிறவர்கள் அதிகம். தொக்குஷிமா மாகாணத்தில் கமிக்காட்சு என்று ஒரு மலையூர், அங்கே குப்பையை 40க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். அங்கே வேலை கிடைத்தால் தனி வகுப்பு எடுக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 26, சனி

அங்கே எரிவாயு அடுப்பின் வயிற்றில் இழுப்பறை மாதிரி ஒன்று இருக்கும். பாத்திரம் வைக்கிற இடம் என்று நினைத்துவிடக் கூடாது, அது மீன் சுடும் கிரில். ஒருபக்கம் மட்டும் சுடும் பழைய வகை என்றால் கீழ்த்தட்டில் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஊற்றாமல் சுட்டால் சொட்டுகிற நெய் சூடான தட்டில் பற்றிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சுடும் புது வகையில் பெரும்பாலும் தண்ணீர் வேண்டாம்; கதவிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும்.

சபா என்கிற மீன் நம் அயிலைக்குச் சொந்தக்காரன். துண்டின் இரண்டு பக்கமும் உப்புத் தடவி 20 நிமிடம் விட்டால் நீர் கக்கும். அந்த நீரைத் துடைத்துவிட வேண்டும், கவிச்சி அதில்தான் இருக்கிறது. கிரில்லை 2 நிமிடம் வெறுமனே எரியவிட்டுப் பிறகு மீனை வைக்க வேண்டும். காயாத கம்பியில் வைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு கிழியும். முழு மீன் என்றால் வால் கதவுப் பக்கம் இருக்கட்டும், அங்கே சூடு குறைவு.

மசாலா தடவிய மீன் இதற்கு ஆகாது. மிளகாய்த்தூள் வேகுமுன் கருகும், நெடி அடுத்த வீட்டுக்குப் போகும், அறையில் புகைமணி வேறு அலறும். மசாலா மீனுக்குத் தட்டைச் சட்டி, மூடி, புகைவிசிறி.

பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. குழாயில் உறைந்து அடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் உறையவைக்கும் தூள் கிடைக்கும். அடுப்பை அணைத்ததும் எண்ணெய் சூடாக இருக்கும்போதே தூவிக் கலக்கி விட்டால் ஆறியதும் கட்டியாகிவிடும். அதைப் பெயர்த்து எரியும் குப்பையில் போட்டுவிடலாம். ஆறிய எண்ணெயில் தூவினால் கரையாது. மறுபடி சூடாக்க வேண்டிவரும்.

மே 2, வெள்ளி

மண்டபத்துப் பாசி எடுக்கும் பெண்களின் மகள்கள் வகுப்பில் இருப்பதால் இன்று நோரி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்களுக்குப் பாசியில் தெரியாதது இல்லை. ஆனால் நம் பக்கம் பாசி, ஆலைக்குப் போகிற சரக்கு. அங்கே அது தினமும் தட்டில் இருக்கும் சாப்பாடு.

நோரி சிவப்புப் பாசி வகை. பொடியாக வெட்டி, நீரில் கலந்து, காகிதம் வார்ப்பதுபோல் சட்டத்தில் வார்த்து உலர்த்துகிறார்கள். ஒரு முழுத் தாள் 21க்கு 19 சென்டிமீட்டர். பல காலம் அதன் விதை எங்கிருந்து வருகிறது என்றே அந்த ஊருக்குத் தெரியாது. ஒரு ஆண்டு விளையும், ஒரு ஆண்டு பொய்க்கும். 1949ல் இங்கிலாந்துப் பாசி ஆய்வாளர் கேத்லீன் ட்ரூ-பேக்கர், கோடையில் இந்தப் பாசி கிளிஞ்சல் ஓட்டுக்குள் நுண்ணிழையாகப் புகுந்து வாழ்கிறது என்று கண்டார். அதன் பிறகு ஓடுகளைத் தொட்டியில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் கடல் குளிர்ந்ததும் அதன் வித்துகளை வலையில் பிடித்துக் கடலில் கட்டும் முறை வந்தது. அந்த அம்மா ஜப்பானுக்குப் போனதே இல்லை. குமமோத்தோ மாகாணத்து உத்தோ ஊரில் அவருக்கு நினைவுக்கல் வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 14ல் விழா எடுக்கிறார்கள். நம் கரையில் மூங்கில் மிதவையில் 45 நாளில் பாசி அறுக்கிறவர்களுக்கு இந்தக் கதை பாடநூலில் வரும் எந்த உரையாடலையும் விட நன்றாக மண்டையில் ஏறுகிறது.

கடையில் விற்கும் ஒனிகிரிச் சோற்று முக்கோணத்தில் நோரி சோற்றோடு ஒட்டியிருக்காது. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே காய்ந்தபடி நிற்கும். பிரிக்கும் வரிசை உறையிலேயே 1, 2, 3 என்று இருக்கும். உச்சியில் 1 என்ற நாடாவைப் பிடித்து முன்பக்கம் இறக்கி, அடி வழியாக முதுகு வரை சுற்றி இழுத்தால் உறை இரண்டாகப் பிளக்கும். பிறகு 2 என்ற மூலையைப் பக்கவாட்டில் மெதுவாக, அப்புறம் 3. இரண்டையும் ஒரே நேரத்தில் வெடுக்கென்று இழுத்தால் நோரியின் முனை கிழிந்து உறைக்குள்ளேயே தங்கிவிடும், கையில் வெறும் சோறு. நாடாவை விட்டுவிட்டு மூலையில் தொடங்குகிறவர்களுக்கும் இதே கதிதான்.

கல்லாவில் பை வேண்டுமா, சூடாக்கவா, குச்சி வேண்டுமா என்று வேகமாக, மரியாதைத் தமிழையும் தாண்டிய மரியாதையில் கேட்பார்கள். பாடநூல் வாக்கியம் அங்கே காதில் விழாது. 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால் முதல் கேள்வி பையைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மே 9, வெள்ளி

"சென்செய், நான் அனிமே பார்த்தே பாதி கத்துக்கிட்டேன்" என்று தொண்டித் தம்பி ஒருவர் சொன்னார். பாதி சரி. காது பழகியிருக்கிறது, உச்சரிப்பு பிரமாதம். வாய் திறந்தால் 'ஓரே' (முரட்டு 'நான்'), 'ஒமாயே', 'கிசாமா' (இரண்டும் மரியாதையில்லாத 'நீ'). சண்டைக் காட்சியில் நாயகன் எதிரியிடம் பேசுவதை மீன் பதனிடும் கூடத்து மேற்பார்வையாளரிடம் பேசினால் என்ன ஆகும்? யாரும் திட்ட மாட்டார்கள். முகம் மாறும், பேச்சு நிற்கும், அடுத்த நாள் முதல் வேலையைச் சைகையில் சொல்வார்கள். நம் ஊரில் பெரியவரை 'டேய்' என்றால் உடனே திருத்திவிடுவார்கள், அங்கே திருத்தாமல் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு இது கூடுதல் ஆபத்தாகப் படுகிறது.

மாற்று மருந்தும் டிவியிலேயே உண்டு. 1969 அக்டோபர் முதல் ஞாயிறு மாலை 6.30க்கு ஓடும் 'சசயே-சான்' என்ற குடும்ப அனிமே. மூன்று தலைமுறை, ஏழு பேர், ஒரு பூனை, ஒரே வீடு. மருமகன் மாமனாரிடம் பேசுவது, தம்பி அக்காவிடம் பேசுவது, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவது என்று எந்த உறவுக்கு எந்த மரியாதை என்பது அதில் தெளிவாகத் தெரியும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் சொல்லும் வழக்கமான வாக்கியங்கள் ஒவ்வொரு வாரமும் வரும். குடும்பத்தில் எல்லோருக்கும் கடல் சம்பந்தப்பட்ட பெயர் என்பது நம் கரைக்குக் கூடுதல் சந்தோஷம். பையன் கட்சுவோ, நம் சூரை இனத்து மீன். பார்க்கும் முறை: முதல் தடவை சும்மா பாருங்கள், இரண்டாம் தடவை ஒருவர் பேச்சை மட்டும் எழுதுங்கள், மூன்றாம் தடவை அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். அதற்குமேல் ஒரே பகுதியைப் பார்த்தால் சலித்துவிடும்.

கேளிக்கைப் பேச்சு நிகழ்ச்சிகளும் நல்லது. பேசுவதையே பெரிய வண்ண எழுத்தில் திரையில் போடுவார்கள், வாசிப்புக்கு இலவசப் பயிற்சி. பேச்சுக்கு ஆரம்பம் கிடைக்காவிட்டால் ரஜினி இருக்கிறார். 'முத்து' 1998ல் அங்கே வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய சகபணியாளர் ஒருவருக்காவது நினைவிருக்கும்.

மே 12, திங்கள்

ராஜியோ தைசோ. 1928ல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி. தினமும் காலை 6.30க்கு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. வானொலியில் வரும். இப்போதைய முதல் தொகுதி 1951ஆம் ஆண்டுடையது: 13 அசைவு, 3 நிமிடத்துக்குச் சற்று மேல். கட்டுமான இடத்திலும் தொழிற்சாலையிலும் வேலைக்கு முன் அதையே போடுவார்கள். பியானோ தொடங்கியதும் எல்லோரும் செய்வார்கள், புதியவர் மட்டும் விழிப்பார். இங்கேயே பழகிவிடலாம்.

அது முடிந்ததும் கைகாட்டிச் சொல்லும் பழக்கம். பார், வலக்கையை நேராக நீட்டி ஆட்காட்டி விரலால் சுட்டு, 'மிகி யோஷி' (வலப்பக்கம் சரி) என்று உரக்கச் சொல், பிறகு இடப்பக்கம். வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை. முணுமுணுத்தால் பயன் இல்லை. கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்தால்தான் கவனம் நிற்கும் என்பதே அதன் கணக்கு.

மே 19, திங்கள்

சைக்கிள் வாங்கியதும் திருட்டுத் தடுப்புப் பதிவு கட்டாயம். நண்பர் ஊருக்குப் போகும்போது கொடுத்த சைக்கிள் என்றால் பெயர் மாற்றாமல் ஓட்டக் கூடாது. போலீஸ் நிறுத்தி எண்ணைச் சரிபார்க்கும்போது வேறு பெயர் வந்தால் விளக்கம் சொல்லியே அன்றைய பொழுது போய்விடும். டபுள்ஸ் கூடாது, குடை பிடிக்கக் கூடாது. கைபேசியைக் கையில் வைத்து ஓட்டினால் 2024 நவம்பர் முதல் 6 மாதம் வரை சிறை அல்லது 1 லட்சம் யென் வரை அபராதம்.

ரயில் தாமதமானால் நிலையத்தில் தாமதச் சான்றுச் சீட்டு கேட்டு வாங்கி வேலையிடத்தில் கொடுக்க வேண்டும். பாம்பன் புதுப்பாலம் திறந்து ஒன்றரை மாதம் ஆகப்போகிறது. நம் ரயிலுக்கும் அப்படிச் சீட்டு கொடுத்தால் தாள் பற்றாது.

மே 28, புதன்

நிலநடுக்கமும் கடல் எச்சரிக்கையும். மாணவர்களில் பலர் 2004 சுனாமியை ஒட்டிப் பிறந்தவர்கள். இலங்கை மறித்துக்கொண்டதால் நம் பாக் நீரிணைக் கரைக்கு நாகைக்கு வந்த அடி வரவில்லை. அதனால் பயமும் குறைவு, அதுதான் சிக்கல்.

அங்கே அதிர்ச்சியை 'ஷிந்தோ' அளவில் சொல்வார்கள். அது நிலநடுக்கத்தின் மொத்த வலிமை இல்லை, நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது. 0 முதல் 7 வரை. 5க்கும் 6க்கும் கீழ், மேல் என்று இரண்டிரண்டு படி, ஆக 10 படி. 6 கீழ்ப்படியில் நிற்பதே கடினம். கைபேசி அலறினால் கிடைப்பது சில நொடிதான். மேசைக்கு அடியில் போய்த் தலையைக் காக்க வேண்டும். வெளியே ஓடக் கூடாது, மேலிருந்து கூரை ஓடும் கண்ணாடியும் விழும். ஆட்டம் நின்ற பிறகு அடுப்பை அணை, கதவைத் திறந்து வை (சட்டம் கோணிவிட்டால் திறக்காது), செருப்புப் போடு. கடற்கரை என்றால் சங்கொலிக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போ. முதல் அலை போனதும் இறங்கி வரக் கூடாது.

2024 ஜனவரி 1, நோத்தோ நிலநடுக்கத்தில் என்.எச்.கே. அறிவிப்பாளர் அடங்கிய குரலை விட்டு, ஓடுங்கள் என்று கட்டளையாகக் கத்தினார். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு எடுத்த பாடம் அது. திரையில் எளிய ஹிரகானா எழுத்தில் பெரிதாகப் போட்டார்கள். ஆனால் பாடநூல் பணிவு வடிவத்தை முதலில் கற்றுத்தருகிறது, கட்டளை வடிவம் பல பாடம் தள்ளித்தான் வரும். நான் வரிசையை மாற்றிவிட்டேன்: ஓடு, நில், தொடாதே, ஏறு ஆகிய நான்கும் முதல் வாரத்திலேயே.

வெள்ள எச்சரிக்கைக்கு 1 முதல் 5 வரை நிலை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எண் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் சட்டென்று புரிந்தது. ஆனால் நம் கூண்டு 11 வரை போகும், அங்கே 5தான் உச்சம். நிறமும் ஏமாற்றும்: 3 சிவப்பு, 4 ஊதா, 5 கறுப்பு. சிவப்பில் முதியோர் கிளம்ப வேண்டும், ஊதாவில் எல்லோரும். கறுப்பு வந்துவிட்டால் வெளியேறும் நேரம் கடந்துவிட்டது. சிவப்புதான் கடைசி என்று நினைத்து ஊதாவை அலட்சியம் செய்வதுதான் நம்மவர்களுக்கு நேரக்கூடிய தப்பு.

ஜூன் 5, வியாழன்

நாளை மறுநாள் பக்ரீத், கீழக்கரைப் பிள்ளைகள் இன்றே கிளம்பிவிட்டார்கள். போகுமுன் கேட்டது ஹலால் சாப்பாடு. இறைச்சியைத் தவிர்த்தால் போதும் என்பது அங்கே செல்லாது. மிரின் என்னும் இனிப்புச் சமையல் மது குழம்பிலும் சாஸிலும் இருக்கும், ரொட்டியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், மிட்டாயில் ஜெலட்டின். பன்றிக்கும் மதுவுக்கும் உள்ள காஞ்சி இரண்டையும் என்4 பட்டியலுக்குக் காத்திராமல் இன்றே எழுதிப் பழகச் சொன்னேன். தோக்கியோ ஷின்-ஓக்குபோவில் ஹலால் கடைகள் வரிசையாக உண்டு. நம் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும்.

பகிர்ந்து தங்கும் வீட்டில் குளியல் தொட்டி நீர் எல்லோருக்கும் பொது. வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். ஏறியதும் நீரைத் திறந்துவிடக் கூடாது, அடுத்தவர் காத்திருப்பார்.

ஜூன் 13, வெள்ளி

நாளை நள்ளிரவோடு தடை முடிகிறது. கரையில் ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் முதல் வகுப்பு மாலை மட்டும்.

முதலில் புறப்படுகிறவர்களுக்குப் பெட்டி விவரம். ஆட்டிறைச்சி ஊறுகாய், உப்புக்கண்டம் எடுக்கக் கூடாது. இறைச்சிப் பொருள் எதுவானாலும் ஏற்றுமதி நாட்டுச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதைக்குத் தாவர நலச் சான்று வேண்டும், அதனால் வேண்டவே வேண்டாம். அரைத்த மசாலாத் தூள் தாராளமாகக் கொண்டுபோகலாம். கருவாட்டுக்கு இறைச்சித் தடை பொருந்தாது, ஆனால் மூன்று உறை போட்டுக் கட்டாவிட்டால் அறைத்தோழர் முதல் நாளே வீடு மாறிவிடுவார். மருத்துவர் எழுதிய மாத்திரை ஒரு மாத அளவு வரை சரி, சீட்டும் கூடவே இருக்கட்டும். அதற்குமேல் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

வீடு முடிவானதிலிருந்து 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். அங்கேயே குப்பை நாட்காட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சில ஊர்களில் எளிய ஜப்பானிய மொழியிலும் அச்சிட்டு வைத்திருப்பார்கள்.