ரைசனுக்குப் புதுப் பேஸ்ட்: கழற்றுவதில்தான் கவனம் வேண்டும்

கோடை தொடங்கியதும் கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. வெப்பநிலையைப் பார்த்தால், வீடியோ ரெண்டர் ஓடும்போது ரைசன் 5 3600 பிராசஸர் 90 டிகிரியைத் தாண்டுகிறது. அதன் உச்ச வரம்பே 95. பிராசஸருக்கும் அதன் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் கூலருக்கும் நடுவே பூசுவது தெர்மல் பேஸ்ட். கூலரோடு வந்த அந்தப் பேஸ்ட்டை வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை.

எந்தப் பேஸ்ட் வாங்குவது? டியூபில் போட்டிருக்கும் வெப்பக் கடத்துதிறன் எண்ணை வைத்துத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். தாமிரத்தின் எண் சுமார் 400, நல்ல பேஸ்ட்டுகளே பத்துக்குப் பக்கத்தில்தான். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகளில் காற்று நிற்காமல் அடைப்பதுதான் பேஸ்ட்டின் வேலை. 65 வாட் பிராசஸருக்கு அதிக விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கம் போகவே இல்லை. அதில் காலியம் இருக்கிறது, அது அலுமினியத்தை அரித்துவிடும். என் கூலரோ அலுமினியம். போதாததற்கு லிக்விட் மெட்டல் மின்சாரத்தையும் கடத்தும். கடைசியில் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 வாங்கினேன். அது மின்சாரத்தைக் கடத்தாது, கொஞ்சம் வழிந்தாலும் பயமில்லை.

உண்மையில் பயந்தது கூலரைக் கழற்றத்தான். மதர்போர்டில் இந்தப் பிராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது, அடியிலுள்ள ஊசி போன்ற பின்களை மட்டும்தான் பிடித்திருக்கும். இறுகிய பேஸ்ட்டோடு கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து வந்துவிடும். பின் வளைந்தால் கதை முடிந்தது. அதனால் கொஞ்ச நேரம் ரெண்டர் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கினேன். நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும் பின்தட்டு கீழே விழாமல் இருக்க மதர்போர்டின் பின்பக்கம் ஒரு கை. அப்புறம் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகியதும் பிடி விட்டது.

பழைய பேஸ்ட் காய்ந்து பொருபொருவென்று இருந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் காபி ஃபில்டர் தாளை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு வேண்டாம், நூல் ஒட்டும்.

நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும் என்பார்கள். ஆனால் இந்தப் பிராசஸரில் சூடாகும் சிப் மேலுள்ள உலோக மூடியின் நடுவில் இல்லை, ஓரமாகத் தள்ளி இருக்கிறது. அதனால் நடுவில் ஒரு பொட்டு, நான்கு மூலைப் பக்கமும் சின்னச் சின்னதாக ஒவ்வொன்று வைத்தேன். பரப்புவதைக் கூலரின் அழுத்தமே பார்த்துக்கொள்ளும். மறுபடி குறுக்கு வரிசையில் முறுக்கி, மறக்காமல் ஃபேன் வயரையும் செருகினேன்.

இப்போது அதே ரெண்டரில் 80-ஐ ஒட்டி நிற்கிறது. இதில் பேஸ்ட்டின் பங்கு எவ்வளவு, கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கில் அப்பியிருந்த தூசியைத் தட்டியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நாளில்தான் செய்தேன்.