முழங்காலில் எடுத்த நீர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், முன்பு ரப்பரும் இப்போது செம்பனையும் சூழ்ந்திருக்கும் ஒரு சிறு நகரத்தில் நான் மருத்துவராகப் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், வலது முழங்கால் வீங்கி, மகனின் தோளைப் பிடித்தபடி நொண்டி வந்த ஒரு பெரியவரின் சீட்டில் அதிகம் யோசிக்காமல் ‘கவுட்’ என்று எழுதினேன். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வீக்கமும் வலியும் தரும் அந்த நோய் பல ஆண்டுகளாக அவருக்கு இருந்தது. இனிப்பு நீரும், அதாவது நீரிழிவும், இருந்தது. “இது பழைய வலிதான் டாக்டர், மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும்” என்று அவரே சொன்னார். காய்ச்சல் இல்லை. கவுட் வலிக்கான கோல்ச்சிசின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். மூட்டில் சீழ் பிடித்தவர்களில் பலருக்கு, அதிலும் முதியவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும், காய்ச்சலே தெரியாமல் போகலாம் என்று படித்திருந்தும், அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

வலி அடங்காததால் வீட்டில் யாரோ நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் மீந்திருந்த ஆண்டிபயாடிக் மாத்திரைகளில் இரண்டையும் அவர் விழுங்கியிருக்கிறார். நீவியவரை நான் குறை சொல்லமாட்டேன். முதலில் தவறியவன் நான்தான். நான்காம் நாள் அவர் திரும்பி வந்தபோது, முழங்காலை ஓர் அங்குலம் மடக்கவும் விடவில்லை. தோலைச் சுத்தம் செய்து ஊசியைச் செலுத்தியதும், தெளிந்த மஞ்சளாக வரவேண்டிய மூட்டு நீர் கலங்கித் தடித்து வந்தது. ஈப்போவின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிய மாதிரியில் வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 80,000-க்கு மேல் இருந்தன. 50,000-ஐத் தாண்டினாலே சீழ் என்று ஐயப்பட வேண்டும், அதற்குக் குறைந்தாலும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. அதே நீரில் கவுட்டுக்குரிய ஊசிவடிவப் படிகங்களும் இருந்தன. அவர் சொன்னதும் பொய்யில்லை, நான் எழுதியதும் பொய்யில்லை. ஆனால் படிகம் இருக்கும் மூட்டில் கிருமியும் இருக்கலாம். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. விழுங்கிய இரண்டு மாத்திரைகள் அதை மறைத்திருந்தால், என்ன மருந்து கொடுப்பதென்றே தெரியாமல் தடுமாறியிருப்போம். ஈப்போவில் மூட்டைத் திறந்து கழுவி, இரத்தக் குழாய் வழியே கிளாக்ஸாசிலின் என்ற ஆண்டிபயாடிக்கை ஏற்றினார்கள். மூட்டுக்குள் சீழ் தேங்கி நிற்கும்வரை மருந்து மட்டும் போதாது. குருத்தெலும்பு சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடுகிறது.

அன்றிலிருந்து, ஒரே மூட்டு சூடாக வீங்கியிருந்தால், நோயாளி நிலைகுலைந்திருந்தாலொழிய, நீர் எடுத்து, இரத்தமும் வளர்ப்புக்கு எடுத்த பிறகே முதல் ஆண்டிபயாடிக்கைத் தொடுகிறேன். நீரில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கிராம் சோதனையில் கிருமி தெரியவில்லை என்ற தாளை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்புவதுமில்லை. பாதி நோயாளிகளில் அது தெரிவதே இல்லை.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியவர், மழைக்காலத்தில் தோட்டத்தில் கால்வாய் வெட்டியவர். அவருக்கும் இனிப்பு நீர். மூட்டு நீரில் தெரிந்தது, அந்தக் கிராம் சாயத்தில் வேறு நிறம் காட்டும் ‘கிராம் எதிர்’ வகைக் கிருமி. கிளாக்ஸாசிலின் அதைத் தொடாது. வழக்கமாகச் சேர்க்கும் இன்னொரு ஆண்டிபயாடிக்கான ஜென்டாமைசினுக்கும் அது பெரும்பாலும் அடங்காது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமாலை என்ற பாக்டீரியா அது. அதனால் வருவது, 1911-இல் பர்மாவின் இரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற மருத்துவர்கள் முதலில் கண்ட நோய். 1913-இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வு விலங்குகளிடையே தோன்றியதை ஃபிளெட்சர் கண்டார். பின்னர் அவரும் ஸ்டான்டனும் அதற்கு மெலியோய்டோசிஸ் என்று பெயரிட்டனர். நம் நாட்டின் ஆய்வகத்தில் ஆராயப்பட்ட இந்நோயை நம் தோட்டங்களில் இன்னும் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அதனால் வீங்கிய மூட்டைப் பார்த்தவுடன், “என்ன வேலை செய்கிறீர்கள்? சப்பாத்து போட்டுக்கொண்டா, வெறுங்காலோடா?” என்று கேட்பதும் என் பரிசோதனையில் சேர்ந்துவிட்டது.

கண்டுபிடிப்பதைவிடக் கடினம் முடிக்கும்வரை மருந்து கொடுப்பதுதான். மூட்டில் இந்தக் கிருமி இருந்தால் நான்கு வாரங்கள் செஃப்டாசிடைம் ஊசி. அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். வலி போனதும் நாள் கூலிக்காரருக்கு மாத்திரை சுமையாகிவிடுகிறது. இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். கால்வாய் வெட்டியவர் இரண்டாம் மாதம் வரவில்லை. தொலைபேசியில் அவருடைய மனைவியிடம், “அக்கா, நாளைக்கு நீங்களே அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றேன். மறுநாள் இருவரும் முதல் பேருந்திலேயே வந்து இறங்கினார்கள். மாத்திரை அட்டையில் பதினொரு நாள் மாத்திரைகள் அப்படியே இருந்தன.

அந்தப் பெரியவர் இன்றும் இனிப்பு நீர் மாத்திரைக்காக வருகிறார். முழங்கால் முழுதாக மடங்காததால், காத்திருக்கும் பெஞ்சில் வலது காலை நீட்டியே உட்கார்ந்திருப்பார். நடைபாதையில் போகிறவர்கள் அதைத் தாண்டிச் செல்வார்கள். நானும் தாண்டித்தான் என் அறைக்குப் போகிறேன்.