வலது காதுக்கு மட்டும் ஒரு கருவி

என் வலது காது மந்தமாகிவிட்டதை நான் உணர்ந்தது சாலையைக் கடக்கும்போதுதான்; பேருந்தின் ஒலி கேட்டது, ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது புரியவில்லை. ஒலி இரு காதுகளையும் வந்தடைவதில் உள்ள, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேர வேறுபாட்டையும், ஒலியளவின் வேறுபாட்டையும் கொண்டே மூளை திசையை அறிகிறது.

நான் சென்ற முதல் செவிக்கருவிக் கடையில் விலைப்பட்டியலைத்தான் நீட்டினார்கள். முதலில் பார்க்க வேண்டியவை, எந்தெந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமும் சொற்களைப் பிரித்தறியும் சோதனையின் முடிவுமே. ஒலியைப் பெருக்கினால் சொற்கள் விளங்கும் என்றால், அந்தக் காதுக்கு வழக்கமான கருவி போதும். பெருக்கியும் விளங்காதென்றால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வெறும் இரைச்சலையே பெரிதாக்கும். அத்தகையோருக்கு உள்ள 'கிராஸ்' அமைப்பு, கேளாத காதின் பக்கம் ஒரு மைக்கை வைத்து, அங்கு பேசுவதைக் கம்பியில்லாமல் நல்ல காதுக்கு அனுப்புகிறது. நல்ல காதின் கேட்கும் திறனும் சற்றுக் குறைந்திருந்தால், அந்தக் காதுக்கு ஒலியைப் பெருக்கியும் தரும் 'பைகிராஸ்'. ஆனால் ஒலி இறுதியில் ஒரே காதுக்குப் போவதால், இவை திசையறியும் திறனை மீட்டுத் தருவதில்லை. அதற்கு ஓரளவு வாய்ப்பளிக்கும் காக்ளியர் உள்வைப்புக்கு (அறுவை சிகிச்சை மூலம் உள்காதில் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி), ஒருபக்கக் கேளாமை உடையோருக்காக அமெரிக்காவில் 2019-இல்தான் அனுமதி கிடைத்தது.

(காது திடீரென்று அடைத்துப்போனால் கருவியைத் தேடாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள், சிகிச்சைக்கான காலம் மிகக் குறைவு.)

எனக்குச் சொற்கள் விளங்கியதால் வழக்கமான கருவியே பொருந்தியது. அமைதியான அறையில் எல்லாக் கருவிகளிலும் நன்றாகவே கேட்டது. ஆகவே தவணை கட்டுவதற்கு முன், கருவியை இரண்டு வாரம் சோதனைக்குத் தரும்படி கேட்டு, தேநீர்க்கடை இரைச்சலில் அமர்ந்து சோதித்த பிறகே பணம் கட்டினேன்.