கோரைக்கிழங்கு: கோடைக் குறிப்புகள்

ஏப்ரல் 20
காய்கறிப் பாத்தி, பத்தடிக்கு நாலடி. புதிதாகக் கொட்டிய செம்மண்ணோடு கோரைக் களை வந்திருக்கிறது. பார்வைக்குப் புல் மாதிரிதான் இருக்கும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லில் அது இல்லை. இன்று தண்ணீர் மட்டும் பாய்ச்சியாயிற்று. காய்ந்த மண்ணில் இழுத்தால் தழை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும்.

ஏப்ரல் 22
களைக்கொத்தி வேண்டாம். அது கிழங்குகளை இணைக்கும் கொடியை அறுத்துவிடும்; அதுவரை அடங்கிக் கிடந்த ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாக முளைக்கும். கடப்பாறையைத் தூருக்கு அரையடி தள்ளி இறக்கி நெம்ப வேண்டும். ஒரு தூரில் கறுத்த கம்பி போன்ற கொடியில் ஐந்து கிழங்கு, மணி கோத்த மாதிரி வந்தது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, குளியல் பொடி வாசனை. ஓரடி ஆழம் வரை மண்ணை வெட்டிப் போட்டோம்.

ஏப்ரல் 24
ஈர மண் சல்லடையில் அப்பிக்கொள்கிறது. ஒரு நாள் உலரவிட்டுக் கட்டியை உடைத்த பிறகுதான் சலிக்க முடிந்தது. கால் அங்குலச் சல்லடை சரி. அரை அங்குலத்தில் சின்னக் கிழங்கு நழுவிவிடும். எடுத்ததெல்லாம் மொட்டைமாடி வெயிலில். உரக்குழிக்குப் போகக் கூடாது, அடுத்த வருஷம் எருவோடு பாத்திக்கே திரும்பிவிடும்.

மே 4
காய்ந்த கிழங்கில் பத்தை எடுத்து ஈரமண் தொட்டியில் புதைத்திருக்கிறது. அவை முளைக்காவிட்டால்தான் மீதியைக் குப்பையில் போடலாம். பாத்தியில் அங்கங்கே புது முளை, ஊசி போல. இந்த முனை பாலித்தீன் விரிப்பையே துளைத்து மேலே வரும். மூடாக்கை மட்டும் நம்பி உட்கார முடியாது.

மே 16
இரண்டாவது சுற்று. முளைத்து மூன்று வாரம் ஆவதற்குள் பிடுங்கிவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் ஏப்ரலில் பட்ட பாடெல்லாம் வீண். உப்பும் வினிகரும் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். தழை கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, உப்பு மண்ணில் தங்கிக் கத்தரியைக் கெடுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஜூன் 1
மூன்றாவது சுற்று, முளை வெகுவாகக் குறைந்திருக்கிறது. கோரைக்கு நிழல் ஆகாது. அதனால் நிழலுக்காக, மண்ணுக்கே உரமாகும் பசுந்தாள் பயிரான சணப்பின் விதையை நெருக்கமாகத் தூவியாயிற்று.

ஜூலை 18
சணப்பு இடுப்பளவு, பூ எடுக்கிறது. அடியில் வெளிறிய கோரை நாலைந்துதான். அவற்றைக் கிழங்கோடு நெம்பி எடுத்த பிறகு சணப்பை மடக்கி மிதித்தாயிற்று. தொட்டியில் புதைத்த பத்தும் முளைக்கவில்லை. வரப்போரம் மட்டும் இரண்டு தூர் தெரிகிறது, நாளைக் காலை தண்ணீர் விட வேண்டும்.