அர்த் அல்-லிவா சந்திலிருந்து

11 அக்டோபர் 2024, வெள்ளி

கெய்ரோவில் நான் குடியிருக்கும் சந்தில் மறுபடியும் சாக்கடை பொங்கிவிட்டது. காலையில் ரொட்டி வாங்க இறங்கினால் கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். யாரோ விடிவதற்குள் செங்கல் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லாகத் தாண்டிப் போய் வந்தேன்.

வீட்டுக்கார அம்மா கீழ்வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். சந்து முழுக்க அவரை "ஹாக்கா" என்றுதான் கூப்பிடும். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரியம்மா என்று அர்த்தம். நானும் ஒரு மூட்டையைப் பிடித்தேன். "இந்த வாசலுக்கு மூன்று படி ஏறி வருவோம், யா பிந்தி, மகளே" என்றார். நாற்பது வருஷத்துக்கு முன்னால், வீடு கட்டிய புதிதில். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கினால்தான் வாசல். சேறானபோதெல்லாம் யாராவது இடிபாட்டு மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். தெரு ஏற ஏற வீடு புதைந்தது. அந்தக் கீழ்வீட்டில் போன வருஷப் போரில் சூடானின் கார்ட்டூமிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. பாய்களை மேஜைமேல் ஏற்றிவிட்டு, கைக்குழந்தையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

13 அக்டோபர், ஞாயிறு

நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்டு எழுதியவர்களுக்கு: தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முஹந்திஸீனில் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை. சென்னையில் பன்னிரண்டு வருஷம் கழிவுநீர்க் குழாய் வரைந்தவள். முஹந்திஸீன் என்றால் ‘பொறியாளர்கள்’. வரைபடம் போட்டு, சாலை வெட்டி, மரம் நட்ட பிறகு வீடு வந்த இடம். தண்டவாளம் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அர்த் அல்-லிவா. வீடு வந்த பிறகும் வரைபடம் வராத இடம். வாடகை குறைவு என்பதால் நானும் வந்தேன். எரித்ரியா, எத்தியோப்பியா, சோமாலியா, சூடான் என்று ஓடிவந்தவர்களும் அதே காரணத்துக்காகத்தான் இங்கே வந்தார்கள்.

‘அஷ்வாயியாத்’ என்று அரசும் பத்திரிகைகளும் சொல்கின்றன. கண்டபடி முளைத்தது என்று பொருள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. இந்தத் தெருக்களில் கண்டபடி என்று எதுவும் இல்லை. எல்லாமே வயல். பாசன வாய்க்கால் இருந்த இடம் பெரிய தெரு, வரப்பு இருந்த இடம் சந்து. இங்கே ஒரு ஃபத்தான் என்பது 4,200 சதுர மீட்டர், நம் ஏக்கரைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் 24 கிராத். ஒரு கிராத் 175 சதுர மீட்டர். விவசாயி தன் நீளமான துண்டை கிராத் கணக்கில் விற்றார், வாங்கியவர் விளிம்புவரை கட்டினார். 1970-களிலிருந்து வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய பணம் இங்கே செங்கல்லாக மாறியது. ஹாக்காவின் கணவரும் குவைத்தில் இருந்தவர். நம் ஊரிலும் துபாய்க் காசில் எழுந்த தெருக்கள் உண்டு, எனக்கு அது புதிதாகப் படவில்லை. விளைநிலத்தில் கட்டக்கூடாது என்று 1983-இல் 116-ஆம் எண் சட்டம் வந்தது. கட்டுவது நிற்கவில்லை, அரசு குழாய் போடுவதுதான் நின்றது. பெருங்கெய்ரோ மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறார்கள்.

வசூல் என்றால் மட்டும் ஒவ்வொரு வீடும் அரசின் கணக்கில் இருக்கிறது. 2023-இன் 187-ஆம் எண் சட்டப்படி, அனுமதியில்லாத கட்டடத்துக்குப் பணம் கட்டி ‘தஸாலுஹ்’, அதாவது சமரசம், செய்துகொள்ளலாம். ஹாக்காவின் கோப்பு அவருடைய கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. கட்டப்போகும் பணம் இந்தச் சந்துக்கு என்னவாகத் திரும்பிவரும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

18 அக்டோபர், வெள்ளி

இன்று டீசல் விலை ஏறிவிட்டது. பகலுக்குள் மைக்ரோபஸ்காரர்களும் ஏற்றிவிட்டார்கள். சந்துக்குள் டுக்டுக் மட்டும்தான் நுழையும். அது நம்ம பஜாஜ் ஆட்டோவேதான், முதல் நாள் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. 2021 நவம்பரில் அதன் முக்கியப் பாகங்களை இறக்குமதி செய்ய அரசு தடை போட்டது. நாகரிகமான நகரத்துக்கு அது பொருந்தாதாம். மூன்று மீட்டர் சந்தில் வேறு எது வரும்? ஆம்புலன்ஸ் பெரிய தெருவோடு நின்றுவிடும். போன மாதம் எதிர்வீட்டுத் தாத்தாவை நாற்காலியோடு நான்கு மாடி இறக்கி டுக்டுக்கில் ஏற்றினார்கள். பையன் ஒருவன் தாத்தாவின் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே போனான்.

இரவு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வீடு வீடாக நோட்டோடு வந்தார். எல்லோரும் "உஸ்தாஸ்" என்பார்கள். சந்தின் குழாயை மாற்ற வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார். இதற்கு இங்கே ‘குஹூத் ஸாத்தியா’ என்று பெயர், சொந்த முயற்சி. பழைய குழாயும் அப்படித்தான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ‘பையாரா’ என்ற உறைகுழி. நிறைந்தால் கழுதை வண்டித் தொட்டி வந்து இறைத்துப் போகும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் உஸ்தாஸ் நோட்டை மூடினார். "உங்களிடம் காசு வேண்டாம், பாஷ்முஹந்திஸா. மட்டம் பார்த்துக் கொடுங்கள்."

20 அக்டோபர், ஞாயிறு

ஹாக்காவின் பேரன் மதியப் பள்ளிக்குப் போகிறான். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், ஒரே கட்டடம். வகுப்பில் எழுபது பேருக்கு மேலாம். பெஞ்சில் இடம் பிடிக்க முன்கூட்டியே ஓடுகிறான்.

25 அக்டோபர், வெள்ளி

உஸ்தாஸ் வட்டச்சாலைப் பக்கம் கூட்டிப்போனார். கெய்ரோவைச் சுற்றி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடும் சாலை அது. எங்கள் வீடுகளின் முதுகை உரசிக்கொண்டு உயரமான கரைமேல் போகிறது. ஆனால் இங்கே ஏறவோ இறங்கவோ வழி வைக்கவில்லை. சரிவில் படிவெட்டி ஏறி, பறக்கும் வண்டிகளுக்கு நடுவே நின்று மைக்ரோபஸ் பிடித்தார்கள்.

2011-இல் புரட்சி நடந்த சில மாதங்களில், பக்கத்திலிருக்கும் முஅதமிதியா மக்கள் தாங்களே பணம் பிரித்து, மண்ணும் இடிபாடும் கொட்டி, கல் பதித்து, வட்டச்சாலைக்கு ஏற்றச் சரிவுகள் கட்டினார்கள். ஏற இரண்டு, இறங்க இரண்டு. உஸ்தாஸ் அப்போது லாரி நடை எண்ணிக் கணக்கு எழுதியவர். காட்டிய இடத்தில் இப்போது சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். பழையது எது, புதியது எது என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவர் மட்டும் ஒரு மண்மேட்டைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

திரும்பும்போது அவர் சொன்னதைத்தான் இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதே 2011-இல் அர்த் அல்-லிவா மக்கள் குழு இங்கே கட்டாமல் மிஞ்சியிருந்த சுமார் 14 ஃபத்தான் நிலத்தைக் கேட்டது. பள்ளி, மருத்துவமனை, பூங்கா. கட்டடக் கலைஞர்கள் அவர்களோடு உட்கார்ந்து வரைந்தும் கொடுத்தார்கள். "சரிவைக் கட்டிவிட்டோம். குழாய் போட்டுவிட்டோம். பள்ளிக்கூடத்தை எங்கே கட்டுவது?" என்று கேட்டார். குழாய்க்கு வீட்டுக்கு இருநூறு பவுண்டு பிரிக்கலாம். வீட்டுக்கு இரண்டு மீட்டர் நிலம் பிரித்து ஒரு விளையாட்டுத் திடல் சேர்க்க முடியாது. கிராத் கிராத்தாக விற்று முடித்த ஊரில் பொது இடம் தானாக விளையாது. அதை யாராவது முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும், அந்த வேலையைச் செய்யத்தான் அரசு. 2008 செப்டம்பர் 6 அன்று கெய்ரோவின் துவைக்கா பகுதியில் பாறை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு இப்படிப்பட்ட பகுதிகளுக்கென்று ஒரு நிதியம் அமைத்தார்கள். ‘ஆபத்தானவை’ என்று பட்டியலானவற்றுக்கு முதலிடம். அது நியாயம்தான். எங்கள் பகுதியைப் போல ‘திட்டமிடப்படாதவை’ வரிசையில் பின்னால் நிற்கின்றன. மெதுவாகப் புதைவதை ஆபத்து என்று யாரும் எழுதவில்லை.

1 நவம்பர், வெள்ளி

மட்டம் பார்த்தாயிற்று. அலுவலகத்துக் கருவியைக் கேட்க மனம் வரவில்லை. கொத்தனார் ஒருவர் ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். நம் ஊர் மேஸ்திரிகள் வைத்திருக்கும் அதே டியூப் லெவல். இங்கே ‘மீஸான் கர்தூம்’. குமிழி இருந்தால் பொய் சொல்லும் என்று குழாயை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றினார். பிறகு சந்து முழுக்கச் சுவரில் நீல சாக்பீஸ் கோடுகள். குழந்தைகள் பின்னாலேயே வந்து கோடுகளை எண்ணினார்கள்.

கணக்கு நல்லதாக இல்லை. சந்து 110 மீட்டர், கிட்டத்தட்டச் சமதளம். பெரிய தெருவின் மேன்ஹோலில் அடிமட்டம் தெருவிலிருந்து 90 சென்டிமீட்டர்தான் ஆழம். மேல்முனையில் குழாயை 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கினாலும் கிடைக்கும் வாட்டம் 60 சென்டிமீட்டர். அதாவது 183-க்கு 1, 183 மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். ஆறு அங்குலக் குழாய்க்கு 100-க்கு 1 வேண்டும், இந்தச் சந்துக்கு 110 சென்டிமீட்டர். தண்ணீர் ஓடும், கசடு தங்கும், பிறகு பொங்கும். பெரிய தெருக் குழாயை ஏன் இவ்வளவு மேலே போட்டார்கள்? அதுவும் அந்தத் தெருக்காரர்கள் காசு பிரித்துப் போட்டதுதான். பின்னால் எத்தனை சந்துகள் வந்து சேரும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? எல்லாச் சந்துகளையும் ஒரே தாளில் பார்த்தவர் இல்லாததால் வந்த 50 சென்டிமீட்டர் பற்றாக்குறை இது. சந்துக்காரர்கள் மீது ஒரு குற்றமும் இல்லை.

2 நவம்பர், சனி

ராத்திரி ஹாக்கா வீட்டில் கூட்டம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு பேர் மனுவோடு போய்வந்தார்கள். பெரிய தெருவைத் தாழ்த்துவது திட்டத்தில் இல்லையாம்.

ஒரு இளைஞர் சொன்னார்: மேல்முனையை 50 சென்டிமீட்டர் மண்போட்டு உயர்த்திவிட்டால் வாட்டம் கிடைத்துவிடுமே? கணக்குப்படி சரிதான், நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் மேல்முனையில் இருப்பது இந்த வீடு. கீழ்வீட்டுச் சன்னலில் பாதி மண்ணுக்குள் போய்விடும். சூடான் வீட்டுக்காரர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், வாடகைக்கு இருப்பவர் என்பதால் பேசவில்லை. ஹாக்கா டீ கிளாஸைத் தட்டில் வைத்தார். "என் வீட்டில் மனுஷர் இருக்கிறார்கள். மண் போடக்கூடாது." அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முடிவு: 183-க்கு 1-இலேயே போடுவது. 15 மீட்டருக்கு ஒரு சேம்பர், மொத்தம் எட்டு. கசடு தங்கினால் குச்சி விட்டு எடுக்க வழி இருக்கும். மாதம் இரண்டு வீடு முறைவைத்துச் சுத்தம் செய்வது. குழாய்க்கு மேலே கான்கிரீட், இல்லாவிட்டால் டுக்டுக் பாரத்துக்கு உடைந்துபோகும். இது நல்ல தீர்வு இல்லை என்று அவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன்.

8 நவம்பர், வெள்ளி

ஜும்மாவுக்கு முன் ஆறு சேம்பர், பின் இரண்டு. குழாய்கள் கழுதை வண்டியில் வந்தன. மண் அள்ளியவர்களில் சூடான் வீட்டுக்காரரும் ஒருவர். கூலி வாங்க மறுத்துவிட்டார். மேல்முனையில் ஒரு வாளித் தண்ணீரில் நீலச் சொட்டு கலந்து ஊற்றி, கீழ்முனை மேன்ஹோலில் குனிந்து காத்திருந்தோம். ரொம்ப நேரம் எடுத்தது. ஹாக்காவின் பேரன்தான் முதலில் கத்தினான், நீலம் வந்துவிட்டது என்று.

சாயங்காலம் உஸ்தாஸ் நோட்டைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். முன்பக்கங்களில் வீட்டுக்காரர் பெயர்கள், பணம், பாக்கி. இதில் சந்தை வரைந்து கொடுங்கள், எட்டு சேம்பரின் ஆழத்தையும் எழுதுங்கள், நாளைக்குப் பெரிய தெருவைத் தோண்ட வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார். கோடு போட்ட பள்ளி நோட்டு, அளவுகோல் இல்லை. டீத் தட்டின் விளிம்பை வைத்துக் கோடு இழுத்தேன். எண்களை அரபியில் எழுதினேன். மேல்முனை 30, கீழ்முனை 90. ஹாக்கா எட்டிப்பார்த்து, தன் வீடு எங்கே என்று கேட்டார். சின்னதாக ஒரு சதுரம் போட்டு, வாசலில் இறங்கும் அந்த ஒரு படியையும் வரைந்தேன்.